வந்தவன் எழுதின ஊர்க்கதை: பழவேற்காடு முதல் நாகசாகி வரை

டோக்கியோவுல ரயில் ஒரு நிமிஷம் லேட்டா வந்தா மன்னிப்பு கேக்கறாங்க. ரோட்டுல குப்பைத்தொட்டியே கிடையாது, ஆனா குப்பையும் கிடையாது. அதே சமயம் பக்கத்து வீட்டுக்காரர் பேரு மூணு வருஷமாத் தெரியாது. இந்த மாதிரி எழுத்தை நாம எல்லாரும் நிறையவே படிச்சிருக்கோம். ஜப்பானுக்கு வேலைக்குப் போன நம்ம மக்கள் எழுதினது, அங்கேயே தங்கிட்ட வெள்ளைக்காரங்க எழுதினது, அன்னன்னைக்கு வர்ற செய்தியை வெச்சு "இந்த ஜப்பான்காரங்களே இப்படித்தான்"னு தீர்ப்பு சொல்றதுன்னு பல வகை உண்டு. படிக்க சுவாரசியமாத்தான் இருக்கும். நானும் விடாமப் படிக்கிற ஆளுதான்.

இந்த வகை எழுத்து ஒண்ணும் புதுசில்லை. வேற தேசத்துல குடியிருந்துகிட்டு, அந்த தேசத்து ஜனங்களைப் பத்திக் கருத்து எழுதறது பல நூற்றாண்டுப் பழக்கம். அதுல ஐரோப்பாவே திரும்பிப் பார்த்த ஒரு புத்தகத்துக்கு விதை விழுந்தது நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல. கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குக் கிழக்கே, பொன்னேரியிலிருந்து கடலைப் பார்த்துப் போனா வர்ற பழவேற்காட்டுல.

அந்தக் கதையையும், அதே காலத்துல அதே கம்பெனியோட ஆட்கள் ஜப்பான்ல உட்கார்ந்து எழுதின கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

கோட்டைக்குள் ஒரு பாதிரியார்

பழவேற்காடுன்னா நமக்கு ஞாபகம் வர்றது ஏரி, இறால், நண்டு, பூநாரை. ஒடிசாவோட சிலிகாவுக்கு அடுத்தபடியா நாட்டோட இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க டச்சுக்காரங்க கல்லறையையும் பார்த்துட்டு வருவாங்க. அதோட வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு சிற்பம் நிக்கும். சின்னப் பசங்க பயப்படுவாங்க, பெரியவங்க போட்டோ எடுத்துப்பாங்க.

டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி ஆரம்பிச்சது 1602ல. விஜயநகர அரசோட அனுமதி வாங்கி 1610ல பழவேற்காட்டுல பண்டகசாலை போட்டாங்க. அப்போ சாந்தோம்ல இருந்த போர்த்துகீசியருக்கு இது பொறுக்கல. 1612ல வந்து அடிச்சு நொறுக்கிட்டுப் போனாங்க. உடனே டச்சுக்காரங்க 1613ல கோட்டையே கட்டிட்டாங்க. அதுக்குப் பேரு கெல்ட்ரியா. அவங்க ஊர்ல இருக்கற கெல்டர்லாந்து மாகாணத்தோட பேரு. 1690ல தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போற வரைக்கும், சோழமண்டலக் கரை மொத்தத்துக்கும் கம்பெனியோட தலைநகரம் பழவேற்காடுதான்.

எதுக்கு இவ்வளவு அக்கறை? எல்லாம் துணிக்காகத்தான். இந்தோனேசியத் தீவுகள்ல மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்கணும்னா அங்கே மதிப்பான சரக்கு நம்ம கரையோரத்து நெசவு. காசை நீட்டறதைவிட துணியை நீட்டினா வியாபாரம் சுலபமா முடியும். இங்கே துணி வாங்கி, அங்கே மசாலா வாங்கி, அதை ஐரோப்பாவுல விக்கறதுதான் கணக்கு. மலேசியாவுலயும் இந்தோனேசியாவுலயும் கட்டம் போட்ட கைலிக்கு இன்னைக்கும் 'கைன் பெலிகாட்'னுதான் பேரு. பெலிகாட்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம பழவேற்காடேதான். மலேசிய நண்பர்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்.

இந்தக் கோட்டைக்கு 1632 வாக்குல பாதிரியாரா வந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். லைடன்ல கீழ்த்திசை நாடுகளுக்குப் பாதிரிமாரைத் தயார் பண்ணின பள்ளியில படிச்சவர். சுமார் பத்து வருஷம், 1642 வரைக்கும், பழவேற்காட்டுல இருந்தார். அப்புறம் படேவியா, அதாவது இன்னைக்கு ஜகார்த்தா. 1647ல சொந்த ஊருக்குத் திரும்பினார், 1649ல செத்தும் போயிட்டார். அவர் எழுதி வெச்சிருந்ததை 1651ல லைடன்ல புத்தகமாப் போட்டாங்க. தலைப்பு ரொம்ப நீளம். சுருக்கமா "மறைந்து கிடக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு"ன்னு வெச்சுக்கலாம்.

தலைப்பைப் பார்த்தா திட்டித் தீர்த்திருப்பார்னு தோணும். ஆனா உள்ளே திட்டு குறைவு, விவரம் அதிகம். ரெண்டு பாகம். முதல் பாகத்துல பிராமணர்களோட வாழ்க்கை, பழக்க வழக்கம்: ஜாதிப் பிரிவுகள், கல்யாணம், சாவு, உடன்கட்டை. ரெண்டாவது பாகத்துல சாமி, கோயில், திருவிழா, வழிபாடு. வைஷ்ணவர், சைவர், ஸ்மார்த்தர், சார்வாகர், பாஷண்டர், சாக்தர்னு ஆறு பிரிவு சொல்லி ஒவ்வொண்ணா விளக்கறார். 'எல்லாம் ஒரே பேய் வழிபாடு'ன்னு மொத்தமா மூட்டை கட்டி ஒதுக்கறதுதான் அந்தக் காலத்து ஐரோப்பிய வழக்கம். அதை வெச்சுப் பார்த்தா இது பெரிய விஷயம்.

புத்தகத்தோட கடைசியில இன்னொரு புதையல். பர்த்ருஹரியோட நீதிப் பாடல்களும் வைராக்கியப் பாடல்களும் டச்சு மொழியில. சமஸ்கிருதத்துலேர்ந்து ஐரோப்பிய மொழிக்குப் போய் அச்சேறின முதல் இலக்கியம்னு இதைத்தான் சொல்றாங்க. 1663ல நூரம்பர்க்ல ஜெர்மன் மொழிபெயர்ப்பு வந்தது, 1670ல பிரெஞ்சு. ஒரு நூற்றாண்டு கழிச்சு ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டர் அந்த ஜெர்மன் புத்தகத்துலேர்ந்து பாடல்களை எடுத்து 1792ல தன் பாணியில வெளியிட்டார். பழவேற்காட்டுக் கோட்டைக்குள்ள ரெண்டு பேர் பேசிக்கிட்டது எங்கே போய் நின்னிருக்கு பாருங்க.

யார்கிட்ட கேட்டார்?

ரெண்டு பேர்னு சொன்னேன் இல்லையா, அந்த ரெண்டாவது ஆளு பத்மநாபன். டச்சுக்காரங்ககிட்ட அடைக்கலமா வந்திருந்த பிராமணர். ரோஜேரியஸுக்கு சமஸ்கிருதம் தெரியாது. பத்மநாபனுக்கு டச்சு தெரியாது. ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது போர்த்துகீசிய மொழி. அது ரெண்டு பேருக்குமே தாய்மொழி கிடையாது. அந்த ஓட்டை மொழியில கேள்வி கேட்டு, பதில் வாங்கி, எழுதி வெச்சதுதான் இந்தப் புத்தகம்.

ரோஜேரியஸ் இதை மறைக்கலை. பத்மநாபன் பேரைப் போட்டே எழுதியிருக்கார். உள்ளூர்க்காரன் சொன்னதை எல்லாம் தானே கண்டுபிடிச்ச மாதிரி எழுதிக்கிட்ட ஆளுங்க எத்தனையோ பேர் உண்டு. அந்தக் கூட்டத்துல இவரைச் சேர்க்க முடியாது.

ஆனா அங்கேயேதான் விஷயமும் இருக்கு. பத்மநாபன் சொன்னதுதான் புத்தகத்துல வரும். சொல்லாதது வராது. இதுக்குப் புத்தகத்துலயே ஒரு அழகான சாட்சி உண்டு. பர்த்ருஹரியோட பாடல்கள் மூணு நூறு: நீதி, சிருங்காரம், வைராக்கியம். டச்சுக்குப் போனது ரெண்டு நூறுதான். காதல் பாடல்கள் நூறையும் பாதிரியாருக்கு விளக்கிச் சொல்ல பத்மநாபன் ஒத்துக்கலை. ஆக, 1651ல ஐரோப்பா பார்த்த பர்த்ருஹரி காதலே தெரியாத சாமியார். கதவு திறந்துதான் இருந்தது. எவ்வளவு தூரம் திறக்கணும்னு முடிவு பண்ணினது உள்ளேயிருந்து பிடிச்சிருந்த கை.

காதல் பாட்டு போனா போகட்டும், விடுங்க. பழவேற்காட்டுல அப்போ யாரெல்லாம் இருந்தாங்கன்னு கொஞ்சம் யோசிங்க. ஏரியில வலை போட்டவங்க, தறியில உட்கார்ந்தவங்க, சாயம் போட்டவங்க, மரைக்காயர் வியாபாரிகள், தெலுங்குச் செட்டிகள், கோட்டையில மூட்டை தூக்கினவங்க. இவங்க கண்ணுல உலகம் எப்படி இருந்தது? சாமி யாரு? கல்யாணம் எப்படி? தலைப்பே பிராமணர்களோட வாழ்க்கையும் மதமும்தான்னு சொல்லிடுது, அதனால புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. படிச்ச ஐரோப்பாதான் அதை 'இந்தியாவோட மதம்'னு எடுத்துக்கிச்சு. பின்னாடி வந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் இதே வழியிலதான் போனாங்க. ஜனங்களோட வழக்கம் என்னன்னு தெரியணும்னா பண்டிதரைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. அந்த பதில்களோட நிழல் நம்ம சட்டத்துலயும் பாடப்புத்தகத்துலயும் இன்னும் விழுந்துகிட்டுத்தான் இருக்கு.

கணக்குப் புத்தகத்தில் இருந்தவர்கள்

பழவேற்காட்டுலேர்ந்து கப்பல் ஏறினது துணி மட்டுமில்லை. மனுஷங்களும் ஏறினாங்க. அடிமைகளா.

படேவியாவையும் மத்த தீவுகளையும் கட்ட கம்பெனிக்கு ஆள் வேணும். இங்கே சண்டையும் பஞ்சமும் வரும்போது ஜனங்க பிள்ளைகளையும் தங்களையும் விக்கற நிலைக்கு வந்தாங்க. தரகர்கள் பிடிச்சுக் கொடுத்தாங்க, கம்பெனி வாங்கிச்சு. 1622-23ல பழவேற்காடு, தேவனாம்பட்டினம் மாதிரியான துறைமுகங்கள்லேர்ந்து 1,900 பேர். 1646 பஞ்சத்துல இந்தக் கரையிலிருந்து படேவியாவுக்குப் போனது 2,118 பேர். எண்ணிக்கை இவ்வளவு சுத்தமா எப்படிக் கிடைக்குதுன்னா, கம்பெனிக்காரன் கணக்கு எழுதறதுல கெட்டிக்காரன். சரக்குப் பட்டியல்ல துணி எத்தனைன்னு எழுதற மாதிரியே ஆள் எத்தனைன்னும் எழுதி வெச்சிருக்கான்.

1646ஐ கொஞ்சம் கவனிங்க. அந்த வருஷம் ரோஜேரியஸ் படேவியாவுலதான் பாதிரியாரா இருந்தார். தான் பத்து வருஷம் குடியிருந்த கரையோட ஜனங்க கூட்டம் கூட்டமா அதே ஊர் துறைமுகத்துல வந்து இறங்கின வருஷம் அது. புத்தகமா வந்தது பத்மநாபனோட பேச்சு. அந்த 2,118 பேர் கணக்குல மட்டும் இருக்காங்க. பேரு இல்லை, ஊரு இல்லை, சாமி இல்லை, கருத்தும் இல்லை.

ரோஜேரியஸைக் கூண்டுல ஏத்தறதுக்காக இதை எழுதலை. ஒரு ஊரைப் பத்தி வெளியாள் எழுதின நல்ல புத்தகமே இப்படித்தான் இருக்கும்னா, சுமாரான எழுத்து எப்படி இருக்கும்னு யோசிக்கத்தான்.

அந்தப் பக்கம் ஜப்பான்

இனி ஜப்பானுக்குப் போவோம். பழவேற்காட்டுலேர்ந்து அங்கே ஒரு நேர்வழி இருந்தது, அதே கம்பெனியோட கப்பல் வழி. நம்ம கரையோரத்துல நெஞ்ச கோடு போட்ட பருத்தித் துணி டச்சுக் கப்பல்ல ஜப்பான் போய் அங்கே பெரிய மோஸ்தர் ஆச்சு. அந்தத் துணிக்கு ஜப்பான்காரங்க வெச்ச பேரு 'சாந்தோமே'. ஆமாங்க, நம்ம மயிலாப்பூர் சாந்தோம்தான்! பின்னாடி அவங்களே அதே மாதிரி நெய்ய ஆரம்பிச்சாங்க. டோக்கியோ பக்கத்துல இருக்கற கவகோயே ஊர் நெசவுக்கு 'தோசான்'னு பேரு. அந்தப் பேர்ல இருக்கற 'சான்', சாந்தோமேயோட மிச்சம்.

1619ல இந்தக் கம்பெனி கப்பல்ல சமையல்காரருக்கு உதவியா ஜப்பான்ல போய் இறங்கினவர் பிரான்சுவா கரோன். ஹிரடோ துறைமுகத்துல தங்கி, ஜப்பானிய மொழி கத்துக்கிட்டு, ஜப்பானியப் பெண்ணோட குடும்பம் நடத்தி, பிள்ளைகள் பெத்து, இருபது வருஷத்துல அங்கே கம்பெனிக்கே தலைவர் ஆனார். 1636ல படேவியாவுல இருந்த மேலதிகாரி ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். நாடு எவ்வளவு பெரிசு, ராஜாவுக்கு என்ன அதிகாரம், பிரபுக்களுக்கு என்ன வருமானம், குத்தத்துக்கு என்ன தண்டனை, வீடு எப்படி, கல்யாணம் எப்படி, வியாபாரம் எப்படின்னு. கரோன் ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதினார். அதுதான் பின்னாடி புத்தகமா வந்து பல மொழிக்குப் போச்சு.

கரோனுக்கும் ரோஜேரியஸுக்கும் உள்ள வித்தியாசம் கண்கூடாத் தெரியும். ரோஜேரியஸ் ஒரே ஆளை உட்கார வெச்சுக் கேட்டார். கரோனுக்கு மொழி தெரியும், வீட்டுலயே ஜப்பான் இருந்தது. ஆனா கரோனுக்கு வேற ஒரு வரம்பு. கேள்வி அவரோடது இல்லை, கம்பெனியோடது. கம்பெனிக்கு எது லாபமோ அதுதான் கேள்வியா வரும்.

மொழி தெரிஞ்சது ஒரு நாள் உயிரையும் காப்பாத்திச்சு. ஹிரடோவுல டச்சுக்காரங்க கட்டின புதுக் கல் கிடங்குல 1639னு கிறிஸ்தவ ஆண்டைப் பொறிச்சிருந்தாங்க. கிறிஸ்தவத்தையே தடை பண்ணியிருந்த நேரம். 1640ல ஷோகுனோட அதிகாரி வந்து, கட்டடத்தை இடிச்சுடுன்னு உத்தரவு போட்டார். கரோன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை, உத்தரவுன்னு சொல்லிட்டு இடிக்க ஆரம்பிச்சுட்டார். தயங்கியிருந்தா அங்கேயே வெட்டறதுக்கு ஆள் தயாரா இருந்ததாச் சொல்வாங்க. எங்கே வாயைத் திறக்கணும், எங்கே மூடணும்னு தெரியறதும் மொழியறிவுதானே. (அந்தக் கிடங்கை 2011ல திரும்பக் கட்டி இப்போ மியூசியமா வெச்சிருக்காங்க.)

இதே கரோன் வயசான காலத்துல டச்சுக் கம்பெனியை விட்டு பிரெஞ்சுக் கம்பெனிக்குப் போய், 1668ல சூரத் வந்து, 1672ல பிரெஞ்சுப் படை சாந்தோமைப் பிடிச்சப்போ அதுல பங்கும் எடுத்தார். ஜப்பானைப் பத்தி எழுதின மனுஷன், ஜப்பான்காரன் துணிக்குப் பேரா வெச்ச ஊருக்கே வந்து நின்னார்! அடுத்த வருஷமே ஊருக்குத் திரும்பற வழியில லிஸ்பன் பக்கத்துல கப்பலோட மூழ்கிப் போனார்.

திரும்பி வந்த சொல்

1641லேர்ந்து டச்சுக்காரங்களை நாகசாகியில தெஜிமாங்கற குட்டித் தீவுக்குள்ள அடைச்சுட்டாங்க. விசிறி மாதிரி வடிவம், மொத்தமே ஒன்றரை ஹெக்டேர் இருக்கும். பாலம் தாண்டி வெளியே போக அனுமதி வேணும். ஜப்பானைப் பத்தி வெளியாள்கிட்ட எதுவும் சொல்ல மாட்டோம்னு மொழிபெயர்ப்பாளர்கள் சத்தியம் பண்ணித் தரணும்.

1690ல அங்கே டாக்டரா வந்தவர் எங்கெல்பர்ட் கெம்ஃபர்ங்கற ஜெர்மன்காரர். ரெண்டே வருஷம்தான் இருந்தார். தன்னோட வேலைக்குக் கொடுத்த இளைஞனுக்கு டச்சும் வைத்தியமும் சொல்லிக் கொடுத்தார். பதிலுக்கு அந்தப் பையன் ரகசியமாத் தகவலும் புத்தகமும் கொண்டுவந்து கொடுத்தான். மாட்டினா தலை போகும். அதனால கெம்ஃபர் தன் புத்தகத்துல அவன் பேரைப் போடவே இல்லை. இமாமுரா கென்எமோன்தான் அவர்னு ஆய்வாளர்கள் ஊர்ஜிதம் பண்ணினது 20ஆம் நூற்றாண்டோட கடைசியில. பத்மநாபன் பேரைப் போட்டு ரோஜேரியஸ் மரியாதை செஞ்சார். இமாமுரா பேரைப் போடாம கெம்ஃபர் மரியாதை செஞ்சார்.

ரோஜேரியஸ் மாதிரியே கெம்ஃபரும் தன் ஜப்பான் புத்தகத்தை அச்சுல பார்க்கலை. 1716ல இறந்தார், 1727ல லண்டன்ல வந்தது. அதோட பின்னிணைப்புல ஒரு கட்டுரை உண்டு. ஜப்பான் வெளிநாட்டாருக்குக் கதவைச் சாத்திக்கிட்டது அந்த நாட்டுக்கு நல்லதுதான்னு வாதம். ரெண்டு வருஷம் குடியிருந்த ஒரு வெளிநாட்டு டாக்டரோட சொந்தக் கருத்து, அவ்வளவுதான்.

1801ல நாகசாகி மொழிபெயர்ப்பாளர் ஷிசுகி தடாவோ அந்தக் கட்டுரையை டச்சு வழியா ஜப்பானிய மொழிக்குக் கொண்டு வந்தார். கெம்ஃபரோட நீளத் தலைப்புக்குப் பதிலா அவரே ஒரு சொல்லை உருவாக்கினார்: 'சகோகு'. பூட்டின நாடுன்னு அர்த்தம். அந்தச் சொல் ஒட்டிக்கிச்சு. ஜப்பான் குழந்தைகள் பள்ளிக்கூடத்துல தங்களோட சொந்தச் சரித்திரத்தைப் படிச்சது இந்தச் சொல்லை வெச்சுத்தான். கொரியாவோட வியாபாரம் நடந்தது, சீனக் கப்பல் வந்தது, நம்ம சாந்தோமேத் துணியும் போச்சு, அப்புறம் என்ன பூட்டுன்னு வரலாற்று ஆசிரியர்கள் இப்போ கேக்கறாங்க. ஆனா சொல் போக மாட்டேங்குது.

நான் சொல்ல வர்றது இதுதாங்க. குடியிருக்க வந்தவன் எழுதற கருத்து அவன் ஊருக்குப் போறதோட நிக்காது. சுத்தி வந்து நம்மகிட்டயே சேரும். நாம யாருன்னு நமக்கே அது சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சுடும். பத்மநாபன் சொன்னது 'இந்தியாவோட மதம்' ஆன மாதிரி, கெம்ஃபர் சொன்னது 'பூட்டின ஜப்பான்' ஆன மாதிரி. அதனால 'அவன் என்ன எழுதினான்'ங்கறதுக்கு முன்னாடி 'யார்கிட்ட கேட்டான், யார்கிட்ட கேக்கலை'ன்னு பார்க்கணும்.

இப்போ நம்ம கும்மிடிப்பூண்டி

இன்னைக்கு நிலைமை அப்படியே திரும்பியிருக்கு. ஜப்பான் நம்ம மாவட்டத்துக்கு வந்திருக்கு. சென்னை - பெங்களூரு தொழில் வழித்தடத்துக்கு ஜப்பானோட ஜைக்கா திட்டம் போட்டப்போ, தமிழ்நாட்டுல தேர்ந்தெடுத்த இடம் பொன்னேரி. கும்மிடிப்பூண்டி பக்கத்துல மஹிந்திராவும் சுமிடோமோவும் சேர்ந்து தொழில் பூங்கா அமைச்சாங்க. 2023 மே மாசம் மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஏசி ஆலைக்கு 1,891 கோடி ரூபாய் முதலீடுன்னு அரசோட ஒப்பந்தம் போட்டுச்சு. எல்லை தாண்டி தடா பக்கம் ஸ்ரீசிட்டியில இசுசு, டைக்கின்னு தனி வரிசை.

அங்கேயிருந்து வர்ற இன்ஜினியர்களும் எழுதுவாங்க. 'தமிழர்கள் இப்படித்தான்'னு ஜப்பானிய மொழியில யாராவது எழுதிக்கிட்டு இருக்கலாம். அவங்களோட பத்மநாபன் யாரு? ஆங்கிலம் பேசற மனிதவள மேலாளர், வண்டி ஓட்டற டிரைவர் அண்ணன், சென்னை அபார்ட்மெண்ட் பக்கத்து வீடு. ஷிப்டு முடிஞ்சு கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கற கான்ட்ராக்ட் பெண்கிட்ட யார் கேக்கப் போறாங்க?

அவங்களை விடுங்க. நாம யார்கிட்ட கேக்கறோம்? கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இரும்பு உருக்கற ஆலையில அனல் பக்கத்துல நிக்கறவங்கள்ல பெரும்பகுதி பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்து ஆட்கள். வெளிநாடு இல்லை, ஆனா மொழி தெரியாத ஊர்ல குடியிருக்கறவங்க. நம்ம ஊரைப் பத்தி அவங்களுக்கு ஆயிரம் கருத்து இருக்கும். வாடகைக்கு வீடு தர்றவர் பத்தி, மேஸ்திரி பத்தி, சாப்பாடு பத்தி. நாம அவங்களுக்கு வெச்சிருக்கற பேரு 'வடக்கன்'. ஒரே சொல்லுல மூணு மாநிலத்தைப் பூட்டியாச்சு.

அதைவிட நெருக்கமா இன்னொரு கூட்டம் இருக்கு. கும்மிடிப்பூண்டியில இருக்கற இலங்கைத் தமிழர் முகாம் மாநிலத்தோட பெரிய முகாம்கள்ல ஒண்ணு. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 2021ல தமிழக அரசு 'அகதிகள் முகாம்'ங்கற பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்திச்சு. நல்ல விஷயம். ஆனா சட்டத்துல அவங்க வெளிநாட்டவர்தான். 1987 ஜூலை 1க்கு அப்புறம் இந்தியாவுல பிறந்திருந்தாலும், அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இல்லைன்னா குடியுரிமை தானா வராது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கை இல்லை. 2025 செப்டம்பர்ல மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன்னாடி வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததுக்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தது. தண்டனை இல்லை. குடியுரிமையும் இல்லை.

யோசிச்சுப் பாருங்க. இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ் மீடியத்துல படிச்சு, இங்கேயே பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போற பையன் காகிதத்துல வெளிநாட்டவன். நம்ம சமூகத்தைப் பத்தி, அன்னாட நியூஸைப் பத்தி, தேர்தலைப் பத்தி அவனுக்கு இல்லாத கருத்தா? ஓட்டு மட்டும் கிடையாது. பத்து வருஷம் இருந்த ரோஜேரியஸுக்குப் புத்தகம் இருக்கு. ரெண்டு வருஷம் இருந்த கெம்ஃபருக்குப் புத்தகம் இருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல இருக்கறவங்க ரேஷன் கணக்குலயும் வருகைப் பதிவேட்டுலயும் இருக்காங்க. பழவேற்காட்டுக் கணக்குப் புத்தகம் ஞாபகம் வருதா? அங்கே மனுஷங்களை வித்தாங்க, இங்கே சோறு போடறாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா அது அநியாயம். ஆனா எண்ணிக்கை உண்டு, பேச்சு இல்லைங்கறது மட்டும் மாறலை.

ஜப்பான்லயும் இதே பேச்சுதான் இப்போ ஓடுது. வெளிநாட்டவர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டிடுச்சு. 2025 ஜூலை மேலவைத் தேர்தல்ல 'ஜப்பானியருக்கே முதலிடம்'னு கோஷம் போட்ட சன்செய்தோ கட்சி 14 இடம் ஜெயிச்சது. நிரந்தரமாத் தங்க அனுமதி வாங்கின வெளிநாட்டவருக்கும் அந்தத் தேர்தல்ல ஓட்டு கிடையாது. ஜப்பானைப் பத்திக் கருத்து எழுதிக்கிட்டு இருந்தவங்க, இப்போ ஜப்பான்காரங்க கருத்து சொல்ற தலைப்பா ஆயிட்டாங்க. அங்கே இருக்கற நம்ம நண்பர்களுக்கு இந்த வித்தியாசம் ரயில்ல உட்காரும்போதே தெரியுமோ என்னவோ.

அதனால வெளிநாட்டுல இருக்கற நண்பர்கள்கிட்ட ஒரு கேள்வி. நீங்க இருக்கற ஊரைப் பத்தி எழுதும்போது உங்களுக்கு விவரம் சொல்றது யாரு? ஆபீஸ் நண்பரா, வீட்டு ஓனரா, டீக்கடைக்காரரா, உங்க குழந்தையோட டீச்சரா? உங்க பத்மநாபன் பேரை ஒரு வரி போடுங்க. போட்டா அவருக்கு ஆபத்துன்னா விட்டுடுங்க. உள்ளூர்ல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். அடுத்த தடவை பழவேற்காடு போய் எலும்புக்கூடு பக்கத்துல போட்டோ எடுத்துட்டுத் திரும்பும்போது, கும்மிடிப்பூண்டி முகாம்ல தெரிஞ்சவங்க யாராவது இருந்தா ஒரு எட்டு போய்ப் பேசிட்டு வாங்க. நம்மளப் பத்தி அவங்க என்ன நினைக்கறாங்கன்னு கேட்டு எழுதுங்க. படிக்க நான் இருக்கேன்.